ஒரு முழம் பின்னால் விழுந்த அடி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் என் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. போன ஆடிக்கு முன், பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அம்மன் திருவிழாவுக்காக ஒரு பம்பைக் குழுவின் பாட்டைப் பதிவு செய்து கொடுத்தோம். கொடுத்த ஐந்தாம் நாள் காலையில் குழுவின் வாத்தியார் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"கண்ணு, என் பம்பையை என்ன பண்ணி வெச்சிருக்கே? மேல்தோலு இறங்கிப்போன மாதிரி கேக்குது. கையும் ஒரு நூலு பின்னாடி விழுது."

நாற்பது வருஷமாகப் பம்பை வாசிப்பவர். கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். "குழாயில கேட்டா எல்லாமே அப்படித்தான் இருக்கும் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்களுக்கும், "இந்தச் சின்ன நேர வித்தியாசமெல்லாம் யாருக்குக் கேட்கும்" என்று வாதாடுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

பதிவு செய்த விதம்

பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். அதற்கு இரண்டு மைக் வைத்து, இரண்டையும் கலந்து ஒரே டிராக்காக எடுத்தோம். சிலம்பை அப்போது சேர்க்கவில்லை. வாத்தியாரின் மருமகன் ஹெட்போனில் பம்பையைக் கேட்டுக்கொண்டே பிறகு தனியாக வாசித்தார். சிலம்பு டிராக்கில் பம்பைச் சத்தம் துளிகூடக் கலக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது முக்கியமாகிறது.

பம்பைக்கு அழுத்தம் வேண்டும் என்று அந்த டிராக்குக்கு ஒரு நகல் எடுத்து, அதை வெளியே இருக்கும் ஒரு பழைய கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமமாக்கும் கருவி) பெட்டிக்கு அனுப்பித் திரும்ப வாங்கி, மூலத்தோடு சேர்த்தேன். நகலின் அளவு மூலத்தைவிட 6 டெசிபல் குறைவு. மூலத்தை நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கமும் நகலைக் கொஞ்சம் வலது பக்கமும் வைத்தேன். ஹெட்போனில் பம்பை அகலமாக விரிந்து கேட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சத்தம் கணினியை விட்டு வெளியே போய்த் திரும்பி வர நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை ஒருமுறை அளந்து கொடுத்துவிட்டால் மென்பொருள் சரிக்கட்டிக்கொள்ளும். நான் அளந்து கொடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. நடுவில் ஆடியோ கார்டின் டிரைவரை மாற்றினேன், மறுபடி அளக்கவில்லை. வாத்தியார் போன பிறகு மனசு கேட்காமல் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒற்றை அடி ஒன்றை எடுத்துப் பார்த்தால் மூலத்தின் முனை ஓரிடத்திலும் நகலின் முனை 64 சாம்பிள் தள்ளியும் இருந்தது. டிஜிட்டல் பதிவில் ஒலியை அளந்து எடுக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு சாம்பிள், நாங்கள் பதிவு செய்வது விநாடிக்கு 48,000 சாம்பிளில். 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லி விநாடி.

பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசம் கேட்காது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்குப் படித்த ஆதாரமும் கையில் இருந்தது. இரண்டு ஒலிகளில் எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல ஏறக்குறைய 20 மில்லி விநாடி இடைவெளி வேண்டும் என்பது செவி ஆய்வாளர் ஐரா ஹிர்ஷ் 1959-இல் கண்டது. சீராகப் போகும் தட்டுகளில் ஒன்று மட்டும் நகர்ந்தால், வேகமான தாளத்தில் சுமார் 6 மில்லி விநாடி நகர்ந்தால்தான் தெரியும் என்று 1995-இல் ஃப்ரிபெரியும் சுந்த்பெரியும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு எண்ணோடும் ஒப்பிட்டால் 1.33 ஒன்றுமே இல்லை.

வாத்தியாரிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்த ஒண்ணே காலு மில்லிங்கிறது என் கணக்குல எவ்வளவு?"

சத்தம் காற்றில் 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர் போகும். 1.33 மில்லி விநாடியில் 45.7 சென்டிமீட்டர். அதாவது 18 அங்குலம், சரியாக ஒரு முழம்.

"ஒரு முழமா? நான் ஒரு நூலுன்னுல்ல சொன்னேன்!" என்றார் வாத்தியார்.

முதல் சோதனை

என் கட்சியை நிரூபித்துவிடலாம் என்றுதான் சோதனைக்கு ஏற்பாடு செய்தேன். நகலை 64 சாம்பிள் முன்னால் இழுத்துச் சரிசெய்த கோப்பு ஒன்று, பழைய கோப்பு ஒன்று. குழாய் ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து ஒற்றைத் தடத்தில்தானே ஒலிக்கும், அதனால் இரண்டையும் அப்படியே ஒற்றைத் தடமாக்கினேன். அக்கா மகன் லேப்டாப்பில் உட்கார்ந்தான். வாத்தியார் எதிரில் நாற்காலியில், ஹெட்போனோடு. முதலில் இது, பிறகு அது, கடைசியில் எது என்று தெரியாத ஒன்று. கடைசியாக வந்தது எதுவென்று சொல்ல வேண்டும். பத்து முறை.

பத்தில் ஒன்பது சரி.

வெறும் குருட்டாம்போக்கில் சொல்லி ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு 1,024-இல் 11, நூற்றில் ஒன்று. என் கட்சி தோற்றுவிட்டது என்று அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையே சரியில்லை. அதைச் சொன்னவர் வாத்தியார்தான். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்: "கண்ணு, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. தம்பி அந்த எலியை ரெண்டு தரம் தட்டினா அது கெட்டது. ஒரு தரம் தட்டினா நல்லது. நாலாவது தரமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. காது அந்தப் பக்கமே போகுது, என்ன பண்ணட்டும்?"

ஹெட்போனுக்குள்ளே மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே மௌஸின் சொடுக்கைக் கேட்டிருக்கிறார். ஒரு கோப்பு ஏற்கெனவே தேர்வாகி இருந்ததால் ஒரு சொடுக்கு, மற்றதற்கு இரண்டு. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் அந்த ஒன்பதைக் கொண்டாடியிருப்போம். அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டவன்.

அதன்பிறகு மற்ற ஓட்டைகளையும் தேடினோம். எதிரில் உட்கார்ந்த அக்கா மகனுக்கு விடை தெரியும், அவன் முகம் தெரியும். பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கிய ஒரு குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் சோதித்துப் பார்த்தபோது, கேள்வி கேட்டவரின் தலையும் தோளும் அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று தெரிந்தது. கேட்டவருக்கே தான் அசைவது தெரியாது. ஆகவே விடை தெரிந்த ஆள் அறையிலேயே இருக்கக் கூடாது. கேட்பவருக்கும் தெரியக்கூடாது, நடத்துபவருக்கும் தெரியக்கூடாது. ஒரு கண்ணை மட்டும் கட்டினால் போதாது என்பது இதனால்தான்.

மூன்றாவது ஓட்டை பெரியது. சரிசெய்த கோப்பில் மூலமும் நகலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் கூடுதல் 3.5 டெசிபல். தள்ளி விழும் கோப்பில் சில இடத்தில் கூடி, சில இடத்தில் கழிந்து, மொத்தத்தில் ஒரு டெசிபல் போலத்தான் கூடும். அளந்து பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 2 டெசிபல் வித்தியாசம் இருந்தது. கொஞ்சம் சத்தமாக இருப்பதை யாருமே 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள், 'சத்தமாக இருக்கிறது' என்று சொல்ல மாட்டார்கள். சத்த அளவு சமமில்லாத ஒப்பீட்டை நான் இப்போது ஒப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை. 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்த வேண்டும். எந்த மென்பொருளிலும் அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

சந்தனம், குங்குமம், விபூதி

இரண்டாவது சோதனைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டோம். முறை புதிதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950-இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது. ஏ-பி-எக்ஸ் என்பார்கள். ஏ ஒன்று, பி ஒன்று, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் ஏயா, பியா என்று சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதே இல்லை என்பதுதான் இதன் பலம். ரசனை உள்ளே வருவதில்லை, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடிகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எக்ஸை லேப்டாப்பே குலுக்கிப்போடும், கடைசி வரை சரி தப்பு எதையும் காட்டாது.

வாத்தியாருக்குக் கீபோர்டு பழக்கமில்லை. மூன்று பொத்தான்மேல் பொட்டு வைத்தோம். ஏவுக்குச் சந்தனம், பிக்குக் குங்குமம், எக்ஸுக்கு விபூதி. அதன்பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விபூதியை அழுத்துவார், கண்ணை மூடுவார், சந்தனத்தை அழுத்துவார், மறுபடி விபூதி. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். பிறகு "குங்குமம்" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா மகன் அதைக் குறித்துக்கொள்வான். எது சரியென்று அவனுக்கும் தெரியாது. நான் மாடிப்படியில் நின்றேன்.

பொத்தான் மாறும்போது 'டிக்' என்று கேட்காமல் இருக்க இரண்டு கோப்பின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மாதிரி மெல்லத் தேய்த்துவிட்டோம். ஒலித்துண்டு 4 விநாடிதான். முழுப் பாட்டையும் போட்டால் முதலில் கேட்டது ஞாபகத்தில் தங்காது. பகலில் மாம்பழ வண்டிகள், மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் டிராக்டர்கள், 44-ஆம் நெடுஞ்சாலை லாரிகள். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டோம்.

16 முறை என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம், எட்டுக்குப் பிறகு டீ. முன்கூட்டி எழுதியது அவசியம். பன்னிரண்டாவதில் வாத்தியார் களைத்துப்போனார், 'போதும் மாமா, நிறுத்திடலாம்' என்று அக்கா மகன் கேட்டான். தோதான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால், நாணயத்தைச் சுண்டிப்போட்டேகூட எதையும் நிரூபிக்கலாம். பத்து நிமிஷம் படுத்து எழுந்து மீதி நான்கையும் முடித்தார்.

16-இல் 14 சரி.

குருட்டாம்போக்கில் 14-ஓ அதற்கு மேலோ வர வாய்ப்பு 65,536-இல் 137. கிட்டத்தட்ட 478 பேர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஒருவருக்கு வரும். இந்த முறை சொடுக்கும் இல்லை, முகமும் இல்லை, சத்த அளவிலும் வித்தியாசம் இல்லை. அவருக்குக் கேட்கிறது.

கேட்டது என்ன?

வாத்தியார் ஜெயித்துவிட்டார் என்று அக்கா மகன் குதித்தான். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். 1.33 மில்லி விநாடி தாமதம் அவருக்குக் கேட்கிறது என்றால், 6 என்றும் 20 என்றும் எழுதியவர்கள் எல்லாம் தப்பா?

அவர் முதல் நாள் சொன்ன புகாரை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பாகம் இருக்கிறது. "மேல்தோல் இறங்கிப்போன மாதிரி" என்பது ஒன்று, "கை பின்னாடி விழுது" என்பது இன்னொன்று. நான் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஒலியோடு அதன் நகலே கொஞ்சம் தாமதித்துச் சேரும்போது நடப்பது இது. விநாடிக்கு 375 முறை அதிரும் சுருதியை எடுத்துக்கொள்வோம். ஓர் அதிர்வுக்கு 2.67 மில்லி விநாடி, அரை அதிர்வுக்கு 1.33. மூலம் கீழே இறங்கும் நேரத்தில் நகல் மேலே ஏறிக்கொண்டு வருகிறது, ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. 750-இல் முழு அதிர்வே 1.33 மில்லி விநாடிதான். அங்கே இரண்டும் கைகோத்துப் பெருகும். 1,125-இல் மறுபடி பள்ளம், 1,500-இல் மேடு, 1,875-இல் பள்ளம். சீப்புப் பல் மாதிரி மேலே வரை போய்க்கொண்டே இருக்கும். நகல் 6 டெசிபல் குறைவாக இருந்தாலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்பதரை டெசிபல் வித்தியாசம். பம்பையின் குரலில் முக்கால்வாசி இருக்கும் இடத்திலேயே இந்தப் பள்ளங்கள் விழுகின்றன.

இதை யாரும் நேரமாகக் கேட்பதில்லை. நாதமாகத்தான் கேட்கிறோம். தோல் தளர்ந்த மாதிரி, பானைக்குள் அடித்த மாதிரி, ஈரத்துணி போட்டு மூடின மாதிரி. வாத்தியார் சொன்ன சொல் அதுதான், இம்மி பிசகாமல்.

என் ஹெட்போனில் எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மூலம் இடது பக்கம் சாய்ந்தும் நகல் வலது பக்கம் சாய்ந்தும் இருந்ததால், ஒரு காதுக்குள் அவை அவ்வளவாகக் கலக்கவில்லை. நான் 'அகலம்' என்று ரசித்ததே அந்தத் தாமதத்தைத்தான். குழாய் ஸ்பீக்கரில் இரண்டு தடமும் ஒன்றாகக் கொட்டியதும் அகலம் பள்ளமாக மாறிவிட்டது. கிராமத்துக்குப் போகும் பாட்டை ஒற்றைத் தடத்தில் ஒருமுறை கேட்காமல் அனுப்பியது என் குற்றம். அதில் எனக்கு வாதமே இல்லை.

மூன்றாவது சோதனை

நாதத்தை விலக்கிவிட்டு நேரத்தை மட்டும் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கேதான் தனியாக எடுத்த சிலம்பு உதவியது. பம்பையைச் சரிசெய்து, மொத்தமாக அதே 64 சாம்பிள் பின்னால் தள்ளினோம், சிலம்பை இருந்த இடத்தில் விட்டோம். பம்பை தன்னோடு தானே மோதுவதில்லை, சிலம்பு டிராக்கிலும் பம்பை இல்லை, அதனால் பள்ளம் எதுவும் விழாது. ஒரு கோப்பில் இரண்டும் சேர்ந்து விழும், இன்னொன்றில் பம்பை ஒரு முழம் பின்னால் விழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

16-இல் 7.

வாத்தியார் பேசவில்லை. அவருடைய தொழிலே தாளம். ஓர் அடி தள்ளி விழுந்தால் ஆடுகிறவர் காலே தப்பும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அதனால் 7-க்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்பதை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்கிறேன்.

வித்தியாசம் இல்லை என்றோ, அவருக்கு எப்போதும் கேட்காது என்றோ 7 நிரூபிக்காது. அன்றைக்கு, அந்தத் துண்டில், அவர் பிரித்தறிந்தார் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் முழு அர்த்தம். இதைக் கணக்கிலேயே காட்டலாம். ஒருவர் உண்மையாகவே பத்துக்கு ஏழு முறை சரியாகக் கேட்கும் காது உள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்கு 16-இல் 12 வேண்டும் என்று விதி வைத்தால், அவர் அதை எட்ட வாய்ப்பு நூற்றுக்கு 45. பாதிக்கு மேல் தோற்றுப்போவார், காதில் குறையே இல்லாமல். ஒரே ஒரு 16-ஐ வைத்துக்கொண்டு "பார், கேட்கவில்லை" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆனால் அவர் மனசுக்காக நான் முடிவை மாற்றவும் இல்லை. தாமதத்தை 20 மில்லி விநாடியாக்கினோம். 16-க்கு 16. பல முறை விபூதியை ஒரு தரம் அழுத்தியதோடு சரி, சந்தனத்தைத் தொடாமலே சொன்னார். 10-இல் வைத்தோம். 12 சரி. 12-ஓ அதற்கு மேலோ தற்செயலாக வர 26-க்கு ஒரு வாய்ப்பு. புத்தக விதிப்படி தேறிவிட்டது, ஆனால் அன்றைக்கு மூன்று சோதனை வைத்திருந்தோம். மூன்று சீட்டு எடுத்தவனுக்குப் பரிசு விழும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும். ஆகவே அந்த 12-ஐக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த வாரம் 10 மில்லி விநாடியை மட்டும் புதிதாக வைத்தோம். 13 சரி, 94-க்கு ஒரு வாய்ப்பு. அந்த இரண்டாவது நாளை நான் நம்புகிறேன். அவர் காதுக்கு இந்தத் தாளத்தில் 10 மில்லி விநாடி கேட்கிறது. 1.33 கேட்டதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் "கை பின்னாடி விழுது" என்று முதல் நாள் ஏன் சொன்னார்? அவர் பொய் சொல்லவில்லை. அடியின் முனை மழுங்கி நாதம் தளர்ந்ததை, நாற்பது வருஷ அனுபவம் 'கை தாமதம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது என்று நினைக்கிறேன். தளர்ந்த தோலில் அடித்தால் கை எழும்புவதும் தாமதமாகத்தானே இருக்கும். அவருடைய உடம்பில் அந்த இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஒரு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். சத்தம் அதைக் கடக்க 9 மைக்ரோ விநாடி. ஒரே ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மற்றதுக்குப் பிந்தியும் வரும்போது, நல்ல காதுக்காரர்கள் 10 மைக்ரோ விநாடி அளவு வித்தியாசத்தைக்கூடத் திசையாக உணர்கிறார்கள் என்று 1956-இல் கிளம்ப், ஈடி இருவரும் அளந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு நூல்! ஆனால் வாத்தியார் சிலம்பையும் பம்பையையும் பிரித்தறிந்தது அதைப்போல ஆயிரம் மடங்கு இடைவெளியில்தான். இதனால்தான் "எத்தனை மில்லி விநாடி கேட்கும்?" என்று மொட்டையாகக் கேட்டால் எனக்கு இப்போது பதில் சொல்ல வருவதில்லை. இரண்டு காதுக்கு நடுவிலா, இரண்டு அடிக்கு நடுவிலா, ஓர் ஒலிக்கும் அதன் நகலுக்கும் நடுவிலா என்று முதலில் கேட்கிறேன். நான் முதலில் கையில் வைத்திருந்த 6-ம் 20-ம் சரியான எண்கள்தான், கேள்விதான் வேறு.

என் காது

வாத்தியார் 14 எடுத்த அதே இரண்டாவது சோதனையில் நானும் உட்கார்ந்தேன். 11 சரி. தற்செயலாகவே பத்தில் ஒருவருக்கு அது வரும். அதாவது, எனக்குக் கேட்டது என்று சொல்ல முடியாது. பதினொரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

மறுநாள் வாத்தியார் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அடியைக் கேக்காத கண்ணு. அடி முடிஞ்சதும் ஒரு 'ம்ம்'னு நிக்கும் பாரு, மேல் மேளத்துல, அதைக் கேளு. நல்லதுல அது உருண்டையா இருக்கும். கெட்டதுல நடுவுல குழி விழுந்திருக்கும்." அரை மணி நேரம் எது எதுவென்று தெரிந்தே மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு கட்டத்தில் அந்தக் குழி பிடிபட்டது. பிடிபட்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடி சோதனை வைத்ததில் 16-இல் 15. தற்செயலாக வர 3,855-க்கு ஒரு வாய்ப்பு.

முந்தின நாளுக்கும் அன்றைக்கும் நடுவில் என் காதில் எதுவும் மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் விரல் நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான். சிறு குறைகளைச் செவியால் அளக்கச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பி.எஸ்.1116 என்ற நெறியும், தேர்வுக்கு முன் கேட்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்கிறது. தெரிந்து கேட்டுப் பழகு, பிறகு தெரியாமல் தேர்வு எழுது. பயிற்சி தராமல் பத்துப் பேரை உட்கார்த்தி வைத்து "யாருக்கும் கேட்கவில்லை" என்று எழுதினால், கேட்கச் சொல்லித்தரவில்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

வாங்காமல் விட்ட பெட்டி

நடுவில் அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். பெங்களூரில் ஒரு கடையில், நேரத்துல்லியம் கூட்டும் வெளிக் கடிகாரப் பெட்டி ஒன்றை வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும் என்று சொல்லியிருக்கிறார்கள். டிஜிட்டல் ஒலியில் சாம்பிள்கள் இம்மியளவு முன்பின் விழுவது உண்மை, அதற்கு ஜிட்டர் என்று பேர். ஆனால் அது நானோ விநாடிக் கணக்கு. பெஞ்சமினும் கேனனும் 1998-இல் செவியால் சோதித்தபோது, இசையில் அது தெரியவே ஏறக்குறைய 20 நானோ விநாடியாவது வேண்டியிருந்தது. எங்கள் தப்போ 13 லட்சம் நானோ விநாடி, அதுவும் ஒரு நகலின் இடம் மாறியதால் வந்தது. எந்தக் கடிகாரமும் அதைத் தொடாது. பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அறைச் சுவருக்குத் தேங்காய்நார் மெத்தை போட்டோம்.

திருத்தம் என்று பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. வெளிச் சுற்றின் தாமதத்தை மறுபடி அளந்து, எண்ணை மாற்றினேன். டிரைவர், சாம்பிள் வேகம், பஃபர் எதை மாற்றினாலும் அளக்க வேண்டும் என்று மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்லா மிக்ஸையும் அனுப்பும் முன் ஒற்றைத் தடத்தில், பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றில் கேட்கிறேன். அந்தக் குழாயைக் கொடுத்தவரும் வாத்தியார்தான்.

புதுக் கோப்பை அவர் ஊருக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். அதே வேப்பமரம், அதே ஸ்பீக்கர். முதல் உருட்டு முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தோலு ஏறிடுச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தச் சிலம்பை அஞ்சு மில்லி தள்ளி வை. ஆடி முடியட்டும், வந்து உக்காரறேன்."

விபூதிப் பொட்டை அழிக்கவில்லை. தேதி குறித்துவிட்டோம்: 5 மில்லி விநாடி, 16 முறை, எட்டுக்குப் பிறகு டீ.